செட்டிநாட்டு வீட்டில் மூன்று நாள்: டைவர்சிட்டி வேலை பார்ப்பவர்களுக்கான முகாம் எப்படி இருந்தது

போன மாதம் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் நடந்த மூன்று நாள் முகாமுக்குப் போய்விட்டு வந்தேன். கம்பெனிகளில் டைவர்சிட்டி, இன்க்லூஷன் வேலை, அதாவது பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று எல்லோருக்கும் வேலையிடத்தில் சம இடம் கிடைக்கப் பார்க்கிற வேலை, அதைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தார்கள். ஸ்லைடு கிடையாது, சான்றிதழ் கிடையாது, குரூப் போட்டோ கிடையாது என்றும் போட்டிருந்தார்கள், அந்த மூன்று வரியைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். ஆளுக்கு 18,500 ரூபாய், தங்கல் சாப்பாடு எல்லாம் சேர்த்து. என் கைக்காசு. கம்பெனியில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எதற்கு என்ற கட்டத்தில் "எனக்கு முடியவில்லை" என்று எழுத வேண்டியிருக்கும், அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நடத்தியவர்கள் பெயரையும் வீட்டின் பெயரையும் போடப்போவதில்லை. வந்தவர்கள் பதினாலே பேர், எங்கள் வட்டம் சின்னது, பெயரைப் போட்டால் யார் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் இதே மாதிரி ஒன்றைத் தேடுகிறவர்களுக்கு எது எங்களுக்கு உதவியது, எது நோகடித்தது, பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும் என்று சொல்வதுதான் என் நோக்கம்.

முதலில் இந்த வேலை என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வீட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மார்ச் 8 அன்று கேக் வெட்டுவது, ரங்கோலிப் போட்டி வைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் 2018 கடைசியிலிருந்து இதைப் பார்க்கிறேன். அந்த வருடம் செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது, அதற்கப்புறம்தான் எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு டீமே வந்தது. அன்றிலிருந்து என் வேலையில் பெரும்பங்கு, கேட்பது. பேறுகால விடுப்பு 26 வாரம் முடிந்து திரும்பியவளுக்கு அவள் டீமே கலைக்கப்பட்டிருக்கும், வந்து உட்கார்ந்து அழுவாள். காது கேளாத பையன் மீட்டிங்கில் எழுத்து ஓடும்படி செய்யுங்கள் என்று நாலு முறை கேட்டு ஐந்தாவது முறை என்னிடம் வருவான். இதையெல்லாம் கேட்டு மேலே கொண்டுபோனால் "கொஞ்சம் பொறுமையாப் போவோம்" என்பார்கள், கீழே வந்தால் "நீங்க மேனேஜ்மென்ட் ஆளுதானே மேடம்" என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை.

அதோடு இது நம் ஊர்க் காற்றில் மட்டும் ஆடுகிற மரமும் இல்லை. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து பணம் வந்தது, ஆள் வந்தது, வீடியோ கான்பரன்ஸில் கண்கலங்கிப் பேசினார்கள். 2025 ஜனவரி 20 அன்று அங்கே புது அதிபர் பதவியேற்ற முதல் நாளே மத்திய அரசு அலுவலகங்களில் இந்தத் திட்டங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார், அதற்கப்புறம் சில வாரங்களில் சென்னையில் என் டீமின் பெயர் மாறியது. ஐந்து பேர் இரண்டு பேரானோம். நேற்றுவரை என்னிடம் வந்து பேசிய பிள்ளைகளிடம் "எதுவும் மாறலை" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அது பொய் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அந்த மாதத்திலிருந்துதான் எனக்குத் தூக்கம் கெட்டது.

சரி, முகாமுக்கு வருகிறேன்.

எழும்பூரில் பிற்பகல் பல்லவன் ஏறினால் இரவு காரைக்குடியில் இறங்கலாம், அங்கிருந்து வண்டி ஏற்பாடு அவர்களே செய்திருந்தார்கள். நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரி, அதனால் இந்த மண் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இப்படி ஒரு வளவு வீட்டுக்குள் விருந்தாளியாகத் தங்கியது இதுதான் முதல் தடவை. வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, பட்டாலை, அப்புறம் நடுவில் வானம் பார்த்த வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, மே மாத வெயிலிலும் காலை வைத்தால் சில்லென்று இருக்கும். அறைகள் சுத்தம். குளியலறைகள் பிற்பாடு சேர்த்துக் கட்டியவை, கொஞ்சம் இடுக்கல். கொசுவலை கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்க வேண்டும்.

இப்போது முதல் குறை, பெரிய குறை. வாசலில் ஏழு படி. வந்தவர்களில் ஒரு பெண் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர், பெங்களூரில் ஒரு வங்கியில் இதே வேலை. பதிவுப் படிவத்தில் "உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா" என்று கேட்டிருந்தார்கள், அவரும் எழுதியிருக்கிறார். பதிலுக்கு, "கவலை வேண்டாம், ஆட்கள் இருக்கிறார்கள்" என்று மட்டும் வந்திருக்கிறது. ஆட்கள் இருந்தார்கள், உண்மைதான். நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏழு படி ஏற்றி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு, "தேங்க்ஸ்ணா, தேங்க்ஸ்ணா" என்று நாலு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னார். இன்க்லூஷன் வேலை பார்ப்பவர்களுக்கென்றே நடத்துகிற முகாமில் இது நடந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய மற்ற பதிமூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிரவே பட்டாலையில் முதல் அமர்வு. செல்போன்களை ஒரு ஓலைக் கொட்டானில் போடச் சொன்னார்கள். யாரும் பதவி சொல்ல வேண்டாம், கம்பெனி சொல்ல வேண்டாம், இன்றைக்கு எந்த நேரத்தில் மனசுக்குள் ஒன்று, முகத்தில் வேறொன்று என்று இருந்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார் நடத்திய அம்மா. அவர் மதுரைப் பக்கத்தில் மனநல ஆலோசகர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர், நாம் பேசி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பவர். அந்தச் சும்மா இருத்தலுக்கே பாதிப் பணம் கொடுக்கலாம்.

முதலில் பேசியது அந்தப் பெங்களூர்ப் பெண்தான். "படியில என்னைத் தூக்குனப்ப சிரிச்சேன்ல, அந்தச் சிரிப்பு. சிரிக்கலைன்னா இந்தப் பொண்ணு திமிருன்னு சொல்வாங்க. அடுத்து வர்ற இன்னொரு வீல்சேர் ஆளுக்கு உதவ மாட்டாங்க. அதனால நான் எப்பவும் சிரிக்கணும். ஆபீஸ்லயும் அதேதான், பதினாறு வருஷமா." சொல்லிவிட்டு அப்போதும் சிரித்தார், அப்புறம் நிறுத்திவிட்டார்.

ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983ல் இதற்கு ஒரு பெயர் வைத்தாராம், உணர்ச்சி உழைப்பு என்று. பயணி கத்தினாலும் முகம் மாறக் கூடாது, அந்த மாறாத முகமும் சம்பளத்துக்குள் அடக்கம். ஆலோசகர் அம்மா அதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, "விமானத்துல எல்லாரும் ஒருநாள் இறங்கிடுவாங்க. உங்க பயணிங்க இறங்குறதே இல்லை" என்றார். இரவு படுத்தபிறகு அது ரொம்ப நேரம் காதிலேயே இருந்தது.

இரண்டாம் நாள் காலை அமர்வுதான் நான் இதை எழுதவே காரணம். எங்களில் பாதிப் பேர் உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கிறோம். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய குழு. விசாரணையைத் தொண்ணூறு நாளுக்குள் முடிக்க வேண்டும். புகாரில் என்ன இருந்தது, யார் கொடுத்தது, யார் மேல் என்று எதையும் வெளியில் சொல்லக் கூடாது, 16ஆம் பிரிவு. அது சரியான பிரிவு, அது இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தத் தொண்ணூறு நாள் நான் காதால் கேட்டதெல்லாம் எங்கே போகும்? கணவரிடம் சொல்ல முடியாது, தோழியிடம் சொல்ல முடியாது, டீமில் பக்கத்து நாற்காலியில் இருப்பவளிடமும் சொல்ல முடியாது. ஒரு தடவை விசாரணை முடிந்த அன்று வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், மகள் மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஏன் லேட் என்று கேட்டதற்கு டிராஃபிக் என்றேன்.

ஆலோசகர் அம்மா செய்தது ரொம்பச் சின்ன விஷயம். "வழக்கைச் சொல்லாதீங்க. ஆள் யாரு, ஊர் எது, என்ன நடந்துச்சு, எதுவும் எனக்கு வேண்டாம். அன்னைக்கு உங்க உடம்பு என்ன செஞ்சுச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். ஏழு வருடமாக எனக்குத் தோன்றாத வழி. இரகசியம் காப்பது என்றால் முழுசாக வாயை மூடிக்கொள்வது என்றே நினைத்திருந்தேன். என் கை எப்படி மரத்துப்போனது, பேனா பிடிக்க முடியாமல் எப்படிக் குறிப்பெழுதினேன், அன்றிலிருந்து ஒரு குறிப்பிட்ட சென்ட் வாசனை வந்தால் எனக்கு எப்படி வயிற்றைப் பிரட்டுகிறது, இதையெல்லாம் சொல்வதில் எந்தப் பெண்ணின் இரகசியமும் வெளியே போகவில்லை. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒருவர், நல்ல உயரம், மீசை, முதல் நாள் முழுக்கச் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தவர், ஹாஸ்டல் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வரும் நாளில் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றும், வீட்டில் அம்மா அதைச் சர்க்கரை வியாதி என்று நினைத்து மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார் என்றும் சொன்னார். மாத்திரையைச் சாப்பிடுகிறீர்களா என்று யாரோ கேட்டார்கள். இல்லை, தினமும் ஒன்றை எடுத்துத் தூக்கிப்போட்டுவிடுகிறேன், அம்மா எண்ணிப் பார்ப்பார் என்றார்.

உங்களில் யாராவது இந்தக் குழுக்களில் இருந்தால், முகாமுக்கெல்லாம் போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு அவர்களுடையது, உங்கள் உடம்பு உங்களுடையது, உடம்பைப் பற்றிப் பேச யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

பிற்பகல் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனார்கள், தரைக்கல் செய்யும் பட்டறைக்கு. கண்ணாடிப் பலகையின் மேல் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையும் இல்லை நெருப்பும் இல்லை, அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லில் ஏறுகிறது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அங்கே வைத்து முகாமின் உதவியாளர் ஒரு இளைஞர், நாமும் இந்தக் கல் மாதிரிதான், ஊற ஊறத்தான் உறுதி என்று பேச ஆரம்பித்தார், எனக்குப் பிடிக்கவில்லை. கல் செய்துகொண்டிருந்த பெரியவரின் விரல் நுனியெல்லாம் சிமென்ட்டில் அரித்துத் தோல் உரிந்திருந்தது. உறுதி பற்றி எங்களுக்குப் பாடம் வேண்டியதில்லை. எல்லோரும் வருடக்கணக்காக உறுதியாக இருந்து களைத்துத்தான் அங்கே வந்திருக்கிறோம். அந்த நேரத்தில் பெரியவரோடு உட்கார்ந்து அவர் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் உருப்படியாக இருந்திருக்கும், கடைசியில் நாங்கள் மூன்று பேர் அதைத்தான் செய்தோம்.

இப்போது பின்வாசல் விஷயம்.

முதல் நாள் இரவே பெங்களூர்ப் பெண் கணக்குப் போட்டார். படிக்கு ஆறு அங்குலம், ஏழு படிக்கு நாற்பத்திரண்டு அங்குலம். ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சாய்தளத்துக்கான விதி, அப்படியானால் நாற்பத்திரண்டு அடி நீளம் வேண்டும், தெருவையே அடைத்துவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அந்த ஊர்க்காரர், இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பின்னாடி ஒத்தப் படிதானே இருக்கு" என்றார். பின்தெரு மேடு, அதனால் அந்தப் பக்கம் அரையடிப் படி ஒன்றுதான். மறுநாள் காலை விடிவதற்குள் தச்சாசாரி ஒருவரைக் கூட்டிவந்து ஆறடிப் பலகை போட்டுவிட்டார், உள்ளே நிலைப்படிகளுக்கு மரத்தைச் சீவி ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் வைத்துவிட்டார். ஒரு காலைப்பொழுது வேலை. படிவம் வந்த அன்றே இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், யாரையும் தூக்க வேண்டியிருந்திருக்காது. குளியலறைக் கதவின் அகலம் மட்டும் பலகையால் தீரவில்லை, மூன்று நாளும் அந்தப் பெண் எங்களில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனார், அதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

அன்று வெளியே போய்விட்டு வந்தபோது அவர் பின்வாசல் வழியாக வந்தார், நானும் கூடவே வந்தேன். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோருமே செருப்பைப் பின்வாசலில் கழற்ற ஆரம்பித்தோம். யாரும் சொல்லவில்லை. ஒரே வாசல் எல்லோருக்கும் என்பதைத்தானே ஆபீஸில் தொண்டை வறளப் பேசுகிறோம்.

ஒருத்தர் மட்டும் வரவில்லை. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கும் பெண், முப்பது வயதுக்குள், தலித். அன்று மாலை என்னோடு தெருவில் நடந்துவிட்டுத் திரும்பும்போது நான் பழக்கத்தில் பின்தெருவுக்குத் திரும்பினேன். அவள் நின்றுவிட்டாள். "நீங்க போங்கக்கா. நான் முன்வாசல்லதான் வருவேன். எங்க அம்மாச்சி இந்த மாதிரி வீட்டுப் பின்வாசல்ல நின்னு கஞ்சி வாங்குனவங்க. பலகை போட்டது நல்ல விஷயம், எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நான் அந்தப் பக்கமா வர மாட்டேன்." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முன்தெரு வழியாகச் சுற்றி அவளோடு போய் ஏழு படியும் ஏறினேன்.

இரவு அமர்வில் அவளே அதை எடுத்தாள். பெங்களூர்ப் பெண் நேராக அவளைப் பார்த்து, "நீ முன்னாடி வா, நான் பின்னாடி வர்றேன், உள்ள பாத்துக்கலாம்" என்றார். அப்புறம் அந்தப் பிள்ளை பேசினாள், முக்கால் மணி நேரம். கம்பெனியில் பாலினம் பற்றி அவள் பயிற்சி எடுக்கலாம், மாற்றுத்திறன் பற்றி எடுக்கலாம், ஜூன் மாதம் தன்பாலினரின், திருநரின் வானவில் கொடி பற்றியும் எடுக்கலாம். சாதி என்று ஒரு ஸ்லைடு வைத்தால் மட்டும், "அதெல்லாம் நம்ம ஆபீஸ்ல இல்லையே" என்று எடுக்கச் சொல்வார்கள். பாலியல் துன்புறுத்தலுக்குக் குழு வைக்கச் சட்டம் இருக்கிறது, தனியார் கம்பெனியில் சாதிச் சீண்டலுக்கு அப்படி ஒரு குழு வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அதனால் அவளிடம் வருகிறவர்கள் தனியாகத்தான் வருகிறார்கள், கேன்டீனில், மாடிப்படியில், "உங்க கிட்ட மட்டும் சொல்றேன்" என்று. சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்த்துக் கேலி செய்ததை, சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று திரும்பத் திரும்பத் துருவியதைச் சொல்வார்கள். அவள் கேட்டுக்கொள்வாள், எழுதி வைக்க இடமில்லை. "எல்லாரோட பிரச்சினைக்கும் ஃபைல் இருக்கு. என்னோடதுக்கு ஃபைலே இல்லக்கா" என்றாள்.

சாரா அகமது என்ற ஆய்வாளர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல்கலைக்கழகங்களில் இந்த வேலை பார்ப்பவர்களைப் பேட்டி எடுத்தபோது, செங்கல் சுவரில் தலையை முட்டிக்கொள்வது போல இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்களாம். முட்டாதவர்களுக்குச் சுவர் இருப்பதே தெரியாது என்பதுதான் அதில் கொடுமை. இந்தப் பிள்ளைக்கு முன்னால் இருக்கிற சுவர் எனக்கும் ஏழு வருடமாகத் தெரியாமல்தான் இருந்திருக்கிறது. இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான், வீட்டுப் பின்வாசல்கள் எதற்கு இருந்தன என்று தெரியாதவள் இல்லை. அன்றிரவு நான் அழுதது என் களைப்புக்காக இல்லை.

நடத்தியவர்கள் இதற்குத் தயாராக இல்லை என்பது நன்றாகவே தெரிந்தது. ஆலோசகர் அம்மா சமாளிக்கப் பார்க்காமல் "இதை நான் படிச்சிட்டு வந்திருக்கணும்" என்று நேராகச் சொன்னார், அது எனக்குப் பிடித்தது. ஆனால் பதினாலு பேருக்கு ஒரே ஆலோசகர் என்பது போதாது. அந்தப் பிள்ளை அவ்வளவு பேசியபிறகு அவளோடு தனியாக உட்கார ஒருவர் வேண்டும், அந்த நேரத்தில் இன்னும் மூன்று பேருக்கும் அது வேண்டியிருந்தது. அமர்வு முடிந்து ஆளாளுக்கு ஒரு தூணில் சாய்ந்துகொண்டு நின்றோம்.

அங்கே எங்களைத் தாங்கியது அடுப்படி. சமைக்கிற அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, நாள் முழுக்க உக்காந்து பேசுறீக, மனசும் வயிறும் காஞ்சு போயிருக்கும், வாங்க" என்று இலை போட்டுவிட்டார். சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். காலையில் வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல். மதியம் வெண்டைக்காய் மண்டி, அரிசி கழுவிய தண்ணீரில் செய்கிற அந்தப் புளிப்பு வேறு எங்கேயும் வராது. இரவு இடியாப்பம், நாட்டுக்கோழிக் குழம்பு. கடைசி நாள் கவுனி அரிசியும் கந்தரப்பமும். ஹோட்டல்களில் செட்டிநாடு என்ற பெயரில் மிளகாயை அள்ளிப்போட்டுக் கொடுக்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே சோம்பும் மிளகும் கல்பாசியும் தனித்தனியாக நாக்கில் தெரிகிறது. சைவம் அசைவம் எல்லோரும் ஒரே பந்தி, கரண்டி மட்டும் தனி. அந்தத் தலித் பிள்ளை இதைக் கவனித்தாள், எனக்கும் காட்டினாள். இரண்டாம் நாளிலிருந்து அடுப்படி அக்காமார் மூன்று பேரையும் பந்தியில் எங்களோடு உட்காரச் சொல்லிக் கேட்டோம். இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், ஒருவர் "நான் பரிமாறிட்டு அப்புறமாச் சாப்புடுறேன், எனக்கு அதுதான் தோது" என்றுவிட்டார். வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, நன்றி சொல்ல வேண்டிய பத்து விஷயங்களை எழுதச் சொன்னார்கள். அதை எடுத்துவிடலாம். முந்தின இரவு நடந்ததற்கப்புறம் அந்த நோட்டு யாருக்கும் ஒட்டவில்லை, மீசைக்காரர் எழுந்து வளவில் போய் நின்றுகொண்டார். நாள் முழுக்க நன்றி சொல்லியே களைத்தவர்களிடம் இன்னும் பத்து நன்றியைக் கேட்கக் கூடாது. அதற்குப் பதிலாகக் கடைசி ஒரு மணி நேரம் செய்தது நன்றாக இருந்தது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, மாதம் ஒருநாள், அரை மணி நேரம், வழக்கைச் சொல்லாமல் உடம்பை மட்டும் சொல்லும் அந்தப் பேச்சைத் தொடரச் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019ல் பணிச்சோர்வைத் தன் நோய்ப் பட்டியல் நூலில் வகைப்படுத்தியபோது அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தோடு தொடர்புடைய நிகழ்வு என்றுதான் சொன்னது. ஆலோசகர் அம்மா அதை அழுத்திச் சொன்னார். இத்தனை நாளும் நான் பலவீனமான ஆள், அதனால்தான் தாங்க முடியவில்லை என்றே நினைத்திருந்தேன். இரண்டு பேரை வைத்து ஐந்து பேர் வேலை வாங்கினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? இதைக் கம்பெனியில் எழுத்தில் கேட்கலாம். வந்தவுடன் கேட்டேன். மாதம் ஒருமுறை வெளி ஆலோசகரிடம் பேச, புகார்க் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் நேரமும் பணமும் வேண்டும் என்று. பதில் இன்னும் வரவில்லை.

முகாம் முடிந்தபிறகு அவர்கள் பக்கத்திலிருந்து எந்தத் தொடர்பும் இல்லை, ஒரு கருத்துப் படிவத்தைத் தவிர. மூன்று நாள் ஆளைத் திறந்துவிட்டு அப்படியே அனுப்பக் கூடாது, ஒரு வாரம் கழித்து ஒரு போனாவது வேண்டும். எனக்கு வீட்டுக்கு வந்த நாலாம் நாள்தான் ரொம்ப மோசமாக இருந்தது. அன்று மனநலத்துக்கான அரசு உதவி எண் 14416ல் பேசினேன், தமிழிலேயே பேசினார்கள், இலவசம். அந்த எண்ணையாவது கிளம்பும்போது கொடுத்திருக்கலாம்.

போகலாமா என்று கேட்டால், போகலாம், இரண்டாம் நாள் காலைக்காகவே போகலாம். உள்ளகக் குழுவில் இருப்பவர்களுக்கும், தனியாக ஒரே ஆளாக இந்த வேலையைப் பார்ப்பவர்களுக்கும் அவசியம் என்பேன். புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆலோசகர்கள்? முடிந்தபிறகு யார் கூப்பிடுவார்கள்? வாசலில் எத்தனை படி? படி பற்றிக் கேட்கும்போது குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள், உங்களுக்குத் தேவையில்லை என்றாலும்.

பெங்களூர்ப் பெண்ணும் நானும்தான் ஒரு ஜோடி. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதல் அரை மணி நேரம், ஐம்பது நிமிடமாகிவிட்டது. பலகையை எடுக்காமல் அங்கேயே வைத்திருக்கிறார்களாம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அவருக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறார். குளியலறைக் கதவை அகலப்படுத்தவும் ஆசாரியிடம் சொல்லியிருக்கிறாராம்.